விற்கப்போகும் வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

திருவண்ணாமலையில் பழைய வீடு ஒன்றை விற்பது என்று முடிவாகிவிட்டால் வீட்டுக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். “பட்டி பார்த்து ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சு, தரைக்கு டைல்ஸ் போட்டுட்டா விலை தானா ஏறும்” என்பார் மேஸ்திரி. “சல்லிக்காசு போடாதீங்க சார். இடத்துக்குத்தான் விலை. வாங்குறவர் இடிச்சிட்டுத்தான் கட்டப்போறார்” என்பார் புரோக்கர். பக்கத்து வீட்டுப் பெரியவர், “பட்டா யார் பேர்ல இருக்கு, அதை முதல்ல பாரு தம்பி” என்பார். மூன்றுமே அனுபவத்திலிருந்து வருகிற பேச்சுதான். ஆனால் எதுவும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல் சேமிப்பை எடுத்துச் சுவரிலும் தரையிலும் போட்டுவிட்டு, போட்டது திரும்பவில்லையே என்று தவிக்கிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்த ஊரில் இந்தக் கேள்வி இப்போது அதிகமாக எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1989ல் மாவட்டத் தலைநகரான பிறகு ஊர் நாலாபுறமும் விரிந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்தோடு, சமீப ஆண்டுகளில் ஆந்திர, தெலங்கானா பக்தர்களின் வரவும் பெருகியிருக்கிறது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி, மாநகராட்சியானது. ஒரு பக்கம் வாங்க ஆள் வருகிறது. மறுபக்கம், பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வெளிநாடு என்று போய்விட, பெற்றோர் காலத்துக்குப் பின் பூட்டிக் கிடக்கும் வீடுகள் விற்பனைக்கு வருகின்றன.

வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

வீட்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வரப்போகிறவர் மனைக்குப் பணம் கொடுக்கிறாரா, வீட்டுக்குப் பணம் கொடுக்கிறாரா? திருவண்ணாமலையில் இதற்கு இடத்துக்கு இடம் விடை மாறும்.

கோயிலைச் சுற்றிய மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் விலை மண்ணுக்குத்தான். அங்கே வாங்க வருபவர் பெரும்பாலும் தங்கும் விடுதி, கடை, உணவகம் என்று ஏதாவது ஒரு கணக்கோடு வருகிறார். முகப்பு எத்தனை அடி, எதிரே சாலை அகலம் எவ்வளவு, பின்பக்கம் சந்து இருக்கிறதா என்று கேட்பாரே தவிர, சமையலறை மேடை கடப்பாக் கல்லா கிரானைட்டா என்று பார்க்க மாட்டார். இடித்துக் கட்டுவது முன்பைவிட எளிதாகியும் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோருக்குத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது; இணையவழியில் விண்ணப்பித்தால் அனுமதி உடனே கிடைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட தெருவில் புதுத் தரை போடுவது, அடுத்த ஆண்டு ஜேசிபி உடைத்துத் தள்ளப்போகிற தரைக்குச் செலவழிப்பதாகவே முடியும்.

செங்கம் சாலை, ரமண நகர் பக்கம் வேறு கணக்கு. ரமணாசிரமம், சேஷாத்திரி ஆசிரமம், யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம் எல்லாம் அந்தப் பக்கம் இருப்பதால், வருஷத்தில் சில மாதங்களாவது மலையடியில் இருக்க வேண்டும் என்று விரும்பும் அன்பர்கள்தான் அங்கே வீடு தேடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களை அந்தத் தெருக்களில் நிறையப் பார்த்தாலும் அவர்கள் எல்லோரும் வாங்கிவிட முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இங்கே குடியிருப்பு வாங்கலாம். இங்கே குடியிராத பிற வெளிநாட்டவர் பொதுவாக வாங்க முடியாது. ஆக, வாங்குபவர் சென்னையிலோ ஹைதராபாத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒருவர். அங்கிருந்துகொண்டு இங்கே கொத்தனாரை மேய்க்க அவரால் முடியாது. பெட்டியோடு வந்து இறங்கினால் குடியேற வேண்டும், இல்லாத மாதங்களில் வாடகைக்கு விட வேண்டும். ஒழுங்கான குளியலறை, தடையில்லாத தண்ணீர், கொசுவலை அடித்த ஜன்னல், மலை தெரிகிற மொட்டை மாடிக்குப் பத்திரமாக ஏறிப்போகப் படி ஆகியவற்றுக்கு இந்தப் பகுதியில் மதிப்பு உண்டு.

மூன்றாவது வட்டாரம் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலும் புறநகர் நகர்களும். இங்கே வாங்குபவர் ஆசிரியர், அரசு ஊழியர், வங்கி ஊழியர். அவர் தனியாக வருவதில்லை. அவரோடு வங்கியும் வருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும்தான் கடன் கொடுக்கலாம். அந்த மதிப்பைச் சொல்பவர் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். அவர் கட்டடத்தின் வயதை எழுதுவார், இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதுவார், அனுமதி வரைபடத்தோடு கட்டடம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். சுவரின் நிறம் அந்த அறிக்கையில் இடம்பெறாது.

பழமைக்கு விலை உண்டா?

வீடு பழசானால் மதிப்பு தேய்வது உலகெங்கும் உள்ளதுதான். ஜப்பானில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வரிக்கணக்கில் மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டு; அதைத் தாண்டிய வீட்டைச் சந்தை கிட்டத்தட்ட வெறும் மனையாகவே பார்ப்பதால், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சாதாரண வழக்கம். விற்பதற்காக வீட்டைச் செப்பனிடும் ஆர்வம் அங்கே குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராய செட்டி வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழர் வீடுகளின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு இன்டாக் அமைப்பு மீட்டெடுத்தது. அந்தப் பணிக்கு 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. செட்டிநாட்டில் சில மாளிகைகள் மரபு விடுதிகளாக உயிர்பிடித்தன. விடுதியாகாத பல வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

திருவண்ணாமலையின் பழைய தெருக்களில் நாட்டு ஓட்டு வீடும் மெட்ராஸ் தளம் போட்ட வீடும் இன்னும் மிச்சமிருக்கின்றன. இவற்றை விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. புதுச்சேரியில் பழைய வீட்டின் மதிப்பு கூடியது ஒரு தெரு முழுக்க மாறியதால். தனி ஒரு வீட்டைத் தன் செலவில் பழைய அழகுக்குக் கொண்டுவந்தால், அதை விரும்பி வாங்கும் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத் தெம்பு இருந்தால் முயலலாம். இல்லாவிட்டால், ஒன்றைச் செய்யாமல் இருப்பதே பெரிய உதவி: செதுக்கு வேலை உள்ள வாசக்காலுக்கு எனாமல் பெயின்ட் அடிக்காமல், சிவப்புக் காவித் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டாமல் விட்டுவைப்பது. மரபை மதிக்கிறவர் வந்தால் அவை அவருக்கு வேண்டும். இடிக்கிறவர் வந்தாலும் தேக்கு மரத்துக்குத் தனி விலை பேசிக்கொள்ளலாம்.

புதுப் பெயின்ட் எழுப்பும் சந்தேகம்

1970ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பொருளிலும் குறை இருப்பதாகவே நினைத்து விலையைக் குறைத்துக் கேட்கிறார். நல்ல பொருள் வைத்திருப்பவரும் அந்தக் குறைந்த விலைக்கே தள்ளப்படுகிறார். இந்த ஆய்வுக்காக 2001ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீட்டு விற்பனை இதற்கு நல்ல சாட்சி. விற்பதற்குச் சற்று முன்னால் அடித்த பெயின்ட், விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் சந்தேகத்தையே கொடுக்கிறது.

வாங்க வருபவர் கூட்டிவரும் அனுபவசாலி மேஸ்திரி ஒருவர் வீட்டை எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தால் இது புரியும். அவர் வரவேற்பறையில் நிற்பதில்லை. நேரே குளியலறைக்குப் பின்பக்கச் சுவருக்குப் போய்க் கையை வைத்துப் பார்க்கிறார். அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பட்டி உப்பியிருந்தால் ஓதம் ஏறுகிறது என்று தெரிந்துகொள்கிறார். காங்கிரீட் தளமாக இருந்தால் சாவியால் கூரையைத் தட்டிக்கொண்டே போகிறார்; ஓட்டைச் சத்தம் கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைக் கீழே பிளந்து தள்ளும். மேலே பட்டி வைத்து மூடினாலும் ஒரு மழைக்காலத்தில் மறுபடி பிளக்கும்.

மெட்ராஸ் தளம் என்றால் சோதனை வேறு மாதிரி. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாகக் கோணவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம் அது. அந்தத் தளத்தின் உயிர் உத்திரத்தின் நடுவில் இல்லை, சுவருக்குள் செருகியிருக்கும் முனையில் இருக்கிறது. மழைநீர் சுவரோரம் இறங்கினால் முதலில் இற்றுப்போவதும் கரையான் ஏறுவதும் அந்த முனைதான். மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, திருப்புளியால் அந்த முனையைக் குத்திப் பார்க்கிறார். இறுகி நின்றால் தலையசைக்கிறார். உள்ளே இறங்கினால் அங்கேயே விலை குறைகிறது. கீழே எவ்வளவு அழகான டைல்ஸ் போட்டிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

குறையை மறைப்பது பேரத்துக்கு மட்டும் கேடில்லை, சட்டத்துக்கும் எதிரானது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமைப் பத்திரத்திலோ இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லும் கடமையை அவர்மேல் வைக்கிறது. சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடியாகவே கருதுகிறது.

பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும்

ஆகவே செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, வாங்குபவரை அச்சுறுத்தும் பழுதை நீக்குவது. மற்றொன்று, அவருக்குப் பிடிக்கும் என்று நம் ரசனைப்படி அழகு சேர்ப்பது. முதல் வகைச் செலவு பெரும்பாலும் திரும்பி வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் வருவதில்லை.

காரணம் எளிது. 30,000 ரூபாயில் சரியாகக்கூடிய ஒழுகலைப் பார்க்கும் வாங்குபவர் 30,000 ரூபாயை மட்டும் கழிப்பதில்லை. உள்ளே இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று பயந்து 2 லட்சம் கழிக்கிறார். அந்தப் பயத்தை நீக்குவதுதான் விற்பவருக்கு லாபம். அழகு சேர்ப்பதில் நிலைமை தலைகீழ். 3 லட்சம் போட்டு மாடுலர் கிச்சன் அமைத்தால், அதை 3 லட்சமாகவே மதிக்கும் ஆள் அரிது. அக்னி மூலையில் அடுப்பு இல்லை என்று வாஸ்து பார்த்து மொத்தத்தையும் பிரிக்கச் சொல்கிறவர்கூட வரலாம்.

அமெரிக்காவில் இதை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். ரீமாடலிங் என்ற தொழில் இதழின் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ அறிக்கையின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சமையலறையில் சிறு அளவில் செய்யும் சீரமைப்புக்கு ஆகும் செலவில் சுமார் 96 சதவீதம் விற்பனை விலையில் திரும்புகிறது. ஆடம்பரமாக முழுச் சமையலறையையும் மாற்றினால் சுமார் 38 சதவீதம்தான் திரும்புகிறது. கார் கொட்டகைக் கதவையும் வாசல் கதவையும் மாற்றுவதுதான் அந்தப் பட்டியலில் முதலிடம். அமெரிக்க வீடும் நம் வீடும் வேறு, அந்தச் சதவீதங்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் செலவு பெருகப் பெருகத் திரும்பும் விகிதம் குறைகிறது என்ற போக்கும், வாசலில் செய்யும் சிறு வேலைக்குப் பலன் அதிகம் என்பதும் இங்கேயும் செல்லும். உடைந்த இரும்புக் கேட், பெயர்ந்த வாசற்படி, செத்துப்போன வாசல் விளக்கு ஸ்விட்ச் ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பம்.

ஊர் நிலவரப்படி வேலைகளை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது மொட்டை மாடி. சுருக்கித் தளத்தில் வெடிப்பை அடைப்பது, தட்டோட்டின் இடைவெளிகளுக்குப் பூச்சு கொடுப்பது, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்வது. சுண்ணாம்புத் தளத்தை, சுண்ணாம்புச் சுவரைச் சிமென்ட் பூசிச் சரிசெய்யக் கூடாது. ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே இருக்கும் செங்கல் அரிக்கும். இரண்டாவது மின்சாரம். பழைய வீடுகளில் எர்த் இல்லாத இணைப்பும் வெளியே தொங்கும் ஒயரும் சகஜம். எர்த் சரிசெய்து, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் பொருத்துவது உயிர்ப் பாதுகாப்பு என்பதால் விற்கும்வரை குடியிருப்பவருக்கும் அது வேண்டும். மூன்றாவது தண்ணீரும் கழிவும்: போர் மோட்டார் ஓடுகிறதா, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறதா என்பது. இவை முடிந்த பிறகுதான் வெள்ளையடிப்பு. அதுவும் எல்லோருக்கும் ஒத்துப்போகும் வெளிர் நிறத்தில், சாதாரண எமல்ஷனில் போதும்.

செய்த வேலைக்கு ரசீதும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் வைத்திருப்பது நல்லது. “போன வருஷம் இந்த மூலையில் ஒழுகியது, இன்னதைச் செய்தோம்” என்று காட்டும் விற்பவரிடம் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அகெர்லாஃப் சொன்ன சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

காலமும் பார்க்க வேண்டும். தள வேலைக்குப் பங்குனி, சித்திரை வெயில் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலைக்குப் பரீட்சை. ஆடியிலும் மார்கழியிலும் கிரையம் பேச நம்மவர்கள் தயங்குவார்கள். ஆவணியிலும் தையிலும் சுபமுகூர்த்த நாட்களில் பத்திரப்பதிவுத் துறையே சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. கோடையில் தளத்தைச் சரிசெய்து, ஆவணியில் விலை சொல்லி, மழையில் ஒழுகாத வீட்டைக் காட்டித் தையில் பதிவுக்குப் போவது இயல்பான வரிசை.

செங்கல்லுக்கு முன் காகிதம்

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் மிகுந்த பலன் தரும் சீரமைப்பு பீரோவுக்குள் இருக்கும் பத்திரங்களில்தான் நடக்க வேண்டும். பட்டாவிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் தாத்தா பெயரே இருக்கும். சொத்துவரி அப்பா பெயரில் இருக்கும். மின் இணைப்பு எப்போதோ குடியிருந்தவர் பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள். இவை ஒவ்வொன்றும் வாங்குபவரின் வக்கீல் கருத்து எழுதும்போது தடையாக நிற்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி, மனை யாருடையது என்பது. கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான அடிமனையில் வீடு மட்டும் தனியார் கட்டியது என்ற நிலை கோயில் நகரங்கள் பலவற்றில் உண்டு. அறநிலையச் சொத்தை ஆணையரின் ஒப்புதலின்றி விற்க முடியாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்திருக்கும் 22-ஏ பிரிவின்படி அப்படிப்பட்ட ஆவணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுக்கலாம். இந்தச் சந்தேகம் இருக்கும் வீட்டில் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்துத் தெளியும்வரை ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்கக் கூடாது.

புறநகரில் பிரச்சினை வேறு. மாநகராட்சி எல்லைக்குள் இப்போது வந்திருக்கும் பகுதிகளில் பல வீடுகள், ஊராட்சி காலத்தில் தலைவர் கையெழுத்தோடு கட்டியவை. கீழ்த்தளத்துக்கு அனுமதி இருக்கும், மாடிக்கு இருக்காது. மனைப்பிரிவே அனுமதியற்றதாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக 2017ல் கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் அது முறைப்படுத்தப்பட்டதா என்று வங்கி கேட்கும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் கடன் வாங்கி வருபவர்கள் எல்லோரும் விலகிவிடுவார்கள். கைப்பணத்தில் வாங்குகிறவர் மட்டும் மிஞ்சி, தன் விலையைச் சொல்வார். வரன்முறைக் கட்டணத்தைக் கட்டுவது பளிங்குத் தரை போடுவதைவிடப் பலமடங்கு பலன் தருவது இதனால்தான்.

வாடகைக்கு ஆள் இருந்தால், தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பதை நினைவில் கொண்டு, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தையும் காலி செய்யும் தேதியையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். காலியான வீடு நல்ல விலைக்குப் போகும் என்பது புரோக்கர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

மலைச்சரிவில் இருக்கும் வீடுகள்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 அன்று, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்ததில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதன்பின் மலைச்சரிவில் உள்ள குடியிருப்புகளின் பாதுகாப்பும் அவற்றின் ஆக்கிரமிப்புப் பிரச்சினையும் அரசிலும் உயர்நீதிமன்றத்திலும் பேசப்பட்டு வருகின்றன.

அங்கே வீடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துக் கட்டியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை புதுப்பிப்பதா விற்பதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது. அவர்களுக்குத் தேவை மாற்று இடமும் நியாயமான காலஅவகாசமும்; அதைப் பொறுப்போடு செய்து கொடுப்பது அரசின் கடமை. சரிவில் இருக்கும் ஒரு வீட்டைப் பூச்சு பூசி, மலை தெரிகிற வீடு என்று சொல்லி வெளியூர்க்காரர் ஒருவர் தலையில் கட்டுவது மட்டும் எந்த வகையிலும் ஏற்க முடியாத செயல்.

வரிக்கணக்கில் எந்தச் செலவு சேரும்?

இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் இது பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறையில் சரிக்கட்டலோடு 20 சதவீதம் கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் குடியிருப்போராகக் கருதப்படுபவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை. 2001 ஏப்ரலுக்கு முந்தைய பரம்பரை வீடு என்றால் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வீட்டுச் செலவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. புது அறை, மாடி, நிரந்தரமான பெரிய மாற்றம் போன்றவை மேம்பாட்டுச் செலவாக லாபத்திலிருந்து கழியும். பெயின்ட், சில்லறைப் பழுது ஆகியவை பராமரிப்பு என்பதால் பொதுவாகக் கழியாது. கழிக்கக்கூடிய செலவுக்கும் ரசீது வேண்டும், வங்கி வழியாகக் கொடுத்த ஆதாரம் வேண்டும். ஒரு பகுதியைக் கறுப்பில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இங்கேயும் காலை வாரும். வீடு, மனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரை விதிக்கலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

புரிவதற்காக மட்டும் ஒரு கணக்கு போடலாம். இருக்கிற நிலையில் 60 லட்சம் போகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்தில் தரை, சமையலறை, பெயின்ட் என்று முழுவதும் புதுப்பிக்க 4 மாதம் ஆகிறது. 60 லட்சம் கையில் வந்து வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்திருந்தால் அந்த 4 மாதத்தில் 1.4 லட்சம் வந்திருக்கும். ஆக, 67.4 லட்சத்துக்குப் போனால்தான் கைக்காசு போகாமல் தப்பும். வாங்குபவர் பக்கமும் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால், கூடுதலாகக் கேட்கும் 7.4 லட்சம் அவருக்குக் கிட்டத்தட்ட 8 லட்சமாகிறது. அந்தக் காசில் தனக்குப் பிடித்தபடி தானே செய்துகொள்ளலாமே என்று அவர் நினைப்பது நியாயம்.

இதற்குப் பதிலாக ஒழுகல், மின்சாரம், கழிவுத்தொட்டி, வெள்ளையடிப்பு என்று 1.2 லட்சத்தில் 3 வாரத்தில் முடித்தால், பயத்தால் அவர் கழிக்கவிருந்த 3 லட்சமோ 4 லட்சமோ காப்பாற்றப்படலாம். மூன்றாவது வழியும் உண்டு. எதையும் செய்யாமல், பொறியாளர் ஒருவரை அழைத்து வீட்டைப் பார்க்கச் சொல்லி, என்னென்ன பழுது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அதை அப்படியே வாங்குபவர் கையில் கொடுத்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்வது. வெளியூரில் இருந்துகொண்டு வேலையை மேற்பார்வையிட முடியாதவர்களுக்கு இதுதான் உகந்தது.

குடும்பத்துக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. பரம்பரை வீட்டில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாடு 1989லேயே இதற்குச் சட்டம் செய்தது, 2005ல் நாடு முழுவதும் வந்தது. ஊரில் இருக்கும் அண்ணன் தன் கைக்காசில் 5 லட்சம் போட்டு வீட்டைச் சரிசெய்துவிட்டு, விற்ற பிறகு அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கு போட்டால், கேட்காமல் ஏன் செய்தாய் என்று தங்கை கேட்பாள். விலையே ஏறாமல் போனால் மனக்கசப்பு இன்னும் ஆழமாகும். எவ்வளவு செலவு, யார் போடுவது, விற்ற பணத்திலிருந்து எப்படித் திருப்புவது என்று எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒரு தாள் எழுதிக்கொண்ட பிறகே கொத்தனாரை வரச்சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு அறிவிக்கும் முன்பே விற்பவர் தன் செலவில் ஓர் ‘இல்ல அறிக்கை’ தயாரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் வீட்டின் ஒவ்வொரு பாகத்தின் நிலையையும் அதில் எழுதுகிறார். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வாங்குபவர்கள் விலை பேச வருகிறார்கள். நம் கிரையப் பத்திரத்தில் கட்டடத்தின் பரப்பும் வயதும் கூரை வகையும் எழுதப்படுகின்றன, அதன் உடல்நிலை எங்கும் எழுதப்படுவதில்லை. உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். தளம், உத்திரம், கம்பி, ஒயர், குழாய், செப்டிக் டேங்க், அனுமதி வரைபடம் என்று ஒரே ஒரு பக்கப் படிவத்தை அவர்கள் பொதுவாக வகுத்து, மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டால் போதும். விற்கும் குடும்பம் சேமிப்பை டைல்ஸில் கரைக்க வேண்டியிருக்காது, வாங்கும் குடும்பம் வாழ்நாள் கடனோடு ஒழுகும் கூரையையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்காது. மாநகராட்சியாகிப் புதிய விதிமுறைகள் வகுக்கும் கட்டத்தில் இருக்கும் திருவண்ணாமலை இதைத் தொடங்கிவைக்கலாம்.